மனை எண் ஏழு

“பார்த்தா என்ன தப்பு? பார்க்கிறதுக்குத்தானே வெச்சிருக்காங்க?”

“தப்புன்னு யாரு சொன்னா? ஒரு மாதிரி இருக்குன்னு சொன்னேன்.”

“என்ன மாதிரி?”

“அந்தம்மா போட்டுக் குடுக்கிற டீயை அவங்க வீட்டுப் படியிலேயே உக்காந்து குடிச்சிட்டு, டம்ளரைக் கழுவி வெச்சிட்டு, நேரா போய் இவங்க நல்லவங்களா ஏமாத்துக்காரங்களான்னு விசாரிக்கணும். அந்த மாதிரி.”

“ஏமாத்துக்காரங்கன்னு நான் சொல்லவே இல்லையே. நான் ஒரு நாளைக்கு எத்தனை சட்டையைத் திருப்பிப் பார்க்கிறேன்? தைச்சவ யாரு? என் பக்கத்துல உக்காந்து ஒரே டப்பாவுல சாப்பிடறவ. அதுக்காக அவ தைச்சதைத் திருப்பிப் பார்க்காம பெட்டியில போட முடியுமா? பார்க்கிறது வேற, சந்தேகப்படறது வேறங்க.”

“சட்டைக்குக் கோவம் வராது.”

“அதனாலதான் அவங்ககிட்ட எதுவும் கேக்காதீங்க, பத்திர ஆபீஸ்ல போய் வீட்டைப் பத்திப் பாருங்கன்னு சொல்றேன். கொஞ்சம் திரும்பிப் படுங்க. எங்கே, இங்கேயா வலி?”

அவன் “ம்” என்றான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாயில் குப்புறப் படுத்திருந்தான். இடது தோளில், தண்ணீர் கேன் உட்காரும் இடத்தில், தோல் கறுத்துத் தடித்துப் போயிருந்தது. மனைவி அதன்மேல் தைலத்தை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறவள். நூல் பிசிறையும் விட்டுப்போன தையலையும் தேடித் தேடி அவள் விரல்களுக்கே கண் முளைத்திருந்தது. எங்கே அழுத்தினால் அவனுக்கு உயிர் போகும் என்று கேட்காமலே கண்டுபிடித்துவிடுவாள்.

அவர்கள் இருந்தது ஒரு அட்டைப்பெட்டிக் குடோனின் மாடி. ஒரே அறை. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் கீழேயிருந்து பசைநாற்றம் ஏறி வந்து துணிமணியில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். குழாய் கீழேதான். ஊருக்கெல்லாம் வாசல் தேடிப் போய்த் தண்ணீர் கொடுக்கிறவன், தன் வீட்டுக்கு ஒவ்வொரு குடமாகப் படியேற்றிக் கொண்டிருந்தான். குடோன்காரருக்கு இப்போது மேலேயும் அட்டை அடுக்க வேண்டுமாம். மழைக்கு முன்னால் காலி பண்ணிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். வாடகைக்கு எங்கே கேட்டாலும், கேன் வண்டியைப் பார்த்ததும் “வண்டியை எங்கே நிறுத்துவீங்க? காலி கேனை எங்கே அடுக்குவீங்க?” என்று ஆரம்பித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ஏழாம் நம்பர் நர்சம்மா கூப்பிட்டார்.

தண்ணீர் போடுகிறவனைப் பொறுத்தவரை மனிதர்களுக்குப் பேர் கிடையாது. நம்பர்தான். அவன் கையில் ஐந்தாறு தெருக்கள். எந்த வாசலில் நாய், எந்தப் படியில் பாசி, எந்தச் சமையலறையில் கேன் வைக்கும் ஸ்டூல் ஆடும், எல்லாம் கதவு நம்பரோடு சேர்த்துத்தான் அவன் மண்டையில் பதிந்திருந்தது. ‘ரெண்டுக்கு வாய் ஜாஸ்தி’ என்பான் மனைவியிடம். ‘பதினொண்ணு இன்னிக்கு ஊருக்குப் போறாங்க.’ நர்சம்மாவின் தெரு அவனுக்குச் செல்லத் தெரு. ஒரு பக்கம் மூடிக்கிடக்கும் மில்லின் நீளமான மதில், மறுபக்கம் வரிசையாக இருபது வீடுகள். மெயின் ரோட்டில் ஒன்று என்று தொடங்கி, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இருபது என்று முடியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த இருபதையும் தலைகீழாய்ச் சொல்லுவான்.

நர்சம்மா ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்றவர். தனி ஆள். அதட்டித்தான் பேசுவார், அதட்டிக்கொண்டேதான் டீ கொடுப்பார். ஒருநாள் அவன் கேனை இறக்கிவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, “இப்படியே தூக்கினா இன்னும் கொஞ்ச நாள்ல கை மேலே போகாது, தெரியுமா? எங்கே குடியிருக்கே?” என்று கேட்டார். சொன்னான். காலி பண்ணச் சொன்னதையும் சொன்னான். அவர் டீ டம்ளரை அவன் கையில் வைத்தார்.

“நான் எங்க அக்காவோட போய் இருந்துடலாம்னு இருக்கேன், தம்பி. இந்த வீட்டை வெளியாளுக்கு விக்க மனசில்லை. புரோக்கர் ஒருத்தன் நடையா நடக்கிறான். அவன் வாங்கி இடிச்சிட்டு மாடி மாடியாக் கட்டுவான். நீ வாங்கிக்கிறியா? உன்னால முடிஞ்ச விலை சொல்லு. உன் பெண்டாட்டி கம்பெனியில லோன் குடுப்பாங்கள்ல?”

அவன் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். இரண்டு அறை, சிமெண்டுத் தரை, பின்னால் கொஞ்சம் வெறும் மண். அவள் ஒவ்வொரு சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சமையலறைக் குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். “தண்ணி வருது பாருங்க” என்றாள் அவனிடம், ஏதோ அவன் தண்ணீரையே பார்த்திராதவன் மாதிரி.

அதற்கப்புறம்தான் இந்தப் பேச்சு. கம்பெனியில் வீடு வாங்கிய ஒருத்தி, ‘வில்லங்கம் போட்டுப் பார்க்காம கையெழுத்துப் போட்டுடாதே’ என்று சொல்லியிருந்தாள். நர்சம்மாவிடம் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதுதான் முறை. கேன்காரனுக்கு அது வாயில் வரவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டே சொல்லிச் சொல்லிப் பார்த்தான்: ‘அம்மா, பத்திரத்தை ஒரு தடவை காட்டினீங்கன்னா...’ அந்த வாசலுக்கு வந்ததும், டீ டம்ளரைக் கையில் வாங்கியதும், குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிடுவான். கேட்கக் கூச்சப்பட்டவன் ஒளிந்து பார்க்கத் துணிந்தான். பின்னால் யோசித்தபோது, எல்லாம் அங்கேதான் கோணிற்று என்று அவனுக்குத் தோன்றியது.

பதிவு அலுவலகத்துக்கு அவன் ஈரச் சட்டையோடுதான் போனான். காலைச் சுமை முடிந்த கையோடு போனதில் இடது தோள் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கூடம் நிறைய ஆட்கள். எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் காகிதம். அவன் கையில் ஒன்றுமில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்மணியிடம் குனிந்து, “ஒரு வீட்டைப் பத்தி...” என்றான்.

“சத்தமாச் சொல்லுங்க.”

“ஒரு வீட்டைப் பத்திப் பார்க்கணுங்க.”

“உங்க வீடா?”

“இல்லைங்க. வாங்கப் போறது.” குரலைத் தாழ்த்தி, “அவங்களுக்குத் தெரியாது, நான் வந்தது” என்றான்.

அந்தப் பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். “தெரிய வேண்டியதே இல்லை. இது பொதுப் பதிவு. யார் வீட்டை வேணாலும் யார் வேணாலும் பார்க்கலாம். அதோ அந்த மிஷின்ல ஊர், நகர், மனை எண், எந்த வருஷத்துலேர்ந்து, எல்லாம் அடிங்க. தாள் வரும். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுங்க.”

புரியாதது ஒன்றே ஒன்றுதான், மனை எண். அதுதான் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகப் புரிந்ததாக அவன் நினைத்துக்கொண்டான். எண் என்றால் எண். அவனுக்குத் தெரியாத எண்ணா? மிஷின் முன்னால் நின்றபோது ‘மனை எண்ணுன்னா வாசல்ல இருக்கிற நம்பர்தானே?’ என்று ஒரு வார்த்தை கேட்கலாமா என்று தோன்றத்தான் செய்தது. பின்னால் வரிசை நின்றது. யாரோ உறையால் விசிறிக்கொண்டே பெருமூச்சு விட்டார்கள். இதைக்கூடவா கேட்பான் ஒருத்தன் என்று நினைத்துவிடுவார்களே! ஏழு என்று அடித்தான்.

மிஷின் முனகியது. அது தாளைத் துப்புவதற்குள் அவனுக்கு விசித்திரமான ஒரு நினைப்பு வந்தது. ஊரிலுள்ள அத்தனை வீடுகளும் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு ராத்திரியில் நிற்பது போலவும், அவன் ஒருத்தன் மட்டும் செருப்பில்லாமல் அவற்றுக்குள் நடந்து போவது போலவும். அவன் பார்த்ததெல்லாம் வாசலில் இருந்து சமையலறை ஸ்டூல் வரைக்கும்தான். அதற்கப்பால் இத்தனை உள்ளறைகள் இருந்திருக்கின்றன.

தாள் வந்தது. நர்சம்மாவின் பேர் அவனுக்குத் தெரியும். கதவில் பித்தளைத் தகட்டில் இருக்கிறது. தாளில் அந்தப் பேர் இல்லை. யாரோ ஓர் ஆண் பிள்ளையின் பேர், அவருடைய அப்பா பேர். அவன் கேள்வியே பட்டிராத பேர். கீழே அடமானம் என்று ஒரு வரி. அதற்கும் கீழே, நீதிமன்ற உத்தரவின்படி ஜப்தி என்று ஒரு வரி.

வீட்டில் மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். முதல் தடவை ஜன்னல் வெளிச்சத்தில், இரண்டாம் தடவை விரலை வைத்து. “ஏழு. ஏழுதான் போட்டிருக்கு” என்றாள். அப்புறம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

“குழாயைத் திறந்து திறந்து காட்டினாங்களே...” என்றாள்.

“நீதான் திறந்தே.”

“இப்போ அதுவா முக்கியம்? அடுத்தவன் வீட்டை நம்ம தலையில கட்டப் பார்த்திருக்காங்க. அதுவும் ஜப்தியில கிடக்கிற வீட்டை. ‘வெளியாளுக்கு விக்க மனசில்லை’யாம்! நாமதானே இளிச்சவாய்ங்க. கிளம்புங்க.”

“நாளைக்குப் பேசலாமே.”

“நாளைக்குன்னா அந்த டீயைக் குடிச்சிட்டு வந்துடுவீங்க. கிளம்புங்கன்னா.”

அவனுக்கும் கோபம் ஏறத்தான் செய்தது. கூச்சப்படுகிறவனுக்கு வரும் கோபம் கொஞ்சம் மோசமான வகை. இத்தனை நாள் கேட்காமல் விழுங்கியதையெல்லாம் ஒரே மூச்சில் கக்கப் பார்க்கும். தெருவில் நடக்கும்போதே அவன் தாளை மடித்து மடித்துப் பிரித்தான்.

நர்சம்மா தனியாக இல்லை. பதினாலாம் நம்பர் அக்கா வந்திருந்தாள். வாரத்துக்கு ஒருதடவை வந்து ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு போகிறவள். கேன்காரனுக்கு அந்தத் தெருவில் ரொம்பப் பிடித்தது அவளைத்தான். மழை நாளில் அவன் வழுக்கிவிடக் கூடாது என்று வாசலில் சாக்கு விரித்து வைப்பாள். காலி கேனை அவளே கேட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிடுவாள். இப்போது நாற்காலியில் கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் பட்டை சுற்றியிருந்தது. நர்சம்மா ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தார்.

“வா தம்பி. அம்மாடி, நீயும் உக்காரு. பேசாதே நீ” என்றார் நர்சம்மா. கடைசியாகச் சொன்னது பதினாலாம் நம்பர் அக்காவுக்கு. “பேசினா ஏறும்.”

“உக்கார வரலைங்கம்மா” என்றாள் அவன் மனைவி.

“பின்னே?”

“இவரு சொல்வாரு.”

அவன் சொன்னான். “இந்த வீடு உங்க பேர்ல இல்லையேம்மா.”

நர்சம்மா சிரித்தார். நிஜமாகவே வேடிக்கையாக இருந்தது அவருக்கு. “அப்படியா? பின்னே யார் பேர்ல இருக்காம்?”

அந்தச் சிரிப்புதான் அவனைத் தூக்கிவிட்டது. தாளைப் பிரித்தான். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கிற பையன் மாதிரி, தனக்கும் படிக்க வரும் என்று காட்டுகிற குரலில், அந்தப் பேரை உரக்க வாசித்தான். அப்பா பேரை வாசித்தான். அடமானத்தை வாசித்தான். மனைவி அவன் முழங்கையைத் தொட்டாள், உதறினான். நீதிமன்றம், உத்தரவு, ஜப்தி என்று ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி வாசித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

யாரும் அவனைப் பார்க்கவில்லை. நர்சம்மாவின் கை ரப்பர் பந்தின்மேல் அப்படியே நின்றுபோயிருந்தது.

“அது எங்க வீட்டுக்காரர் பேரு” என்றாள் பதினாலாம் நம்பர் அக்கா. வராத ஒருவருக்காக ஆஜர் சொல்வது போல, சின்னக் குரலில்.

பட்டைக்குள்ளிருந்த காற்று ‘புஸ்’ என்று இறங்கியது. நர்சம்மா கையை நீட்டினார். அவன் தாளைக் கொடுத்தான். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார்.

“மனை எண் ஏழு” என்றார். “இது மனை நம்பர்டா. என் வீடு கதவு நம்பர் ஏழு. மனை பிரிச்சப்போ அந்தத் தொட்டிப் பக்கத்திலேர்ந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டு வந்தாங்க. கதவுக்கு நம்பர் அடிச்சவன் மெயின் ரோட்டுப் பக்கத்திலேர்ந்து வந்தான். என் மனை பதினாலு. ஏழாவது மனை...” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நிறுத்தி என்ன? இருபது வீட்டையும் தலைகீழாகச் சொல்லத் தெரிந்தவனுக்குக் கணக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. பதினாலாம் நம்பர் சார்! பெட்டி போட்ட சட்டை, எப்போது பார்த்தாலும் “என்ன முதலாளி, வியாபாரம் எப்படி?” என்று கேலி பேசுகிற வாய். இத்தனை வருஷமாக அவர் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தவன், அவருக்கு ஒரு பேர் உண்டு என்று யோசித்ததே இல்லை.

“ஜப்தின்னா என்னக்கா?” என்று பதினாலாம் நம்பர் அக்கா கேட்டாள்.

நர்சம்மா தாளை மடித்தார். அந்த அக்கா கேன்காரனின் மனைவி பக்கம் திரும்பினாள். “வீட்டை எடுத்துக்கிறதா?”

“எனக்குத் தெரியாதுக்கா” என்றாள் அவன் மனைவி. தெரியும். சற்று முன்புவரை அந்த வார்த்தையை அவள்தான் நடுத்தெருவில் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

அந்த அக்கா கைப்பட்டையைத் தானே பிரித்தாள். சுருட்டி, ஒட்டி, பெட்டிக்குள் பதனமாக வைத்தாள். “உலை வெச்சிட்டு வந்தேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். வாசலில் கால் தடவித் தடவி, கேன்காரன் மனைவியின் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

“அம்மா...” என்றான் அவன்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா பீரோவைத் திறந்து கையில குடுத்திருப்பேன்” என்றார் நர்சம்மா. அதட்டல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “கேக்கலாமேடா. வீடு வாங்கறவன் கேக்கத்தான் செய்வான். போய்ப் பார்த்தியே, அதுகூடத் தப்பில்லை. நானா இருந்தாலும் பார்த்திருப்பேன். என்னைக் கேவலப்படுத்தணும்னு நாலு பேர் முன்னாடி வாசிச்சே பாரு, அதுதான்.”

“கேவலப்படுத்தணும்னு இல்லைங்கம்மா...”

“அதுக்குத்தான் வாசிச்சே. பொய் சொல்லாதே.”

அவர் சொன்னது உண்மைதான்.

“அவளை நான் எப்படிப் பார்த்துக்கிட்டிருந்தேன் தெரியுமா? நாடி எகிறக் கூடாதுன்னு சாவுச் செய்தியைக்கூட மெல்லத்தான் சொல்லுவேன். நீ என் வீட்டுல நின்னு, என் கை அவ கையில இருக்கும்போது...” கண்ணாடியைக் கழற்றினார். “பத்திரம் எழுதறதை இப்போ பேச வேணாம். இந்தத் தெருவுக்குக் குடிவர்றதா இருந்தா அவ முகத்துல தினம் முழிக்கணும் நீ. அவ ‘சரிக்கா, குடுங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் பார்க்கலாம். புரோக்கரை அதுவரைக்கும் வராதேன்னு சொல்லி வைக்கிறேன். அதுக்கு மேலே என்னால முடியாது.”

திரும்பி வரும்போது மனைவி வெறுங்காலோடு நடந்தாள். வாசலில் கிடந்த அந்த அக்காவின் செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னான், மாட்டேன் என்றுவிட்டாள். பகல் வெயில் குடித்திருந்த தார் அந்தியிலும் சுட்டது. மதில் ஓரமாக, நிழலே இல்லாத இடத்திலும் ஓரமாகவே நடந்தாள்.

“திட்டிடு” என்றான் அவன்.

“எந்த வாயால திட்டறது? விரலை வெச்சு ஏழுன்னு படிச்சவ நான்தானே. பேர் வேறயா இருக்கே, வேற வீடா இருக்குமோன்னு ஒரு நிமிஷம் தோணிச்சா எனக்கு? தோணவே இல்லை. ஏமாத்திட்டாங்கன்னு நினைக்கத்தான் தோணிச்சு.” கொஞ்ச தூரம் போய், “அந்தக்கா முகத்தைப் பார்த்தீங்களா? என்னைப் பார்த்துக் கேட்டாங்க. நான் தெரியாதுன்னுட்டேன்” என்றாள்.

அன்றைக்குச் சோறு ஆக்கினாள். இரண்டு பேரும் பேருக்குக் கொறித்தார்கள்.

மறுநாள் அந்தத் தெருவுக்குள் வண்டியைத் திருப்ப அவனுக்குக் கை வரவில்லை. மற்ற தெருக்களையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் வந்தான். மழை வரும் போல இருட்டிக்கொண்டு, வராமல் நின்றது. சேதி அவனுக்கு முந்தி வந்து சேர்ந்திருந்தது.

“வாப்பா, துப்பறியும் சிங்கம்!” என்றார் இரண்டாம் நம்பர் வீட்டுத் தாத்தா, பேப்பருக்கு மேலாகப் பார்த்து. “ஆபீஸ்ல போய் ஊர் வீட்டையெல்லாம் அலசினியாமே? எங்க வீடு எப்படி? சுத்தமா இருக்கா, இல்லே அதையும் யாராவது எழுதி வாங்கிட்டாங்களா?”

“அப்படியெல்லாம் இல்லைங்கய்யா.”

“கேனை வெளியிலேயே வெச்சிடு. நாங்களே எடுத்துக்கறோம்.”

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வீடு அவனைச் சமையலறை வரைக்கும் விடவில்லை. பதினொன்றாம் நம்பரில் நேர்மாறாக நடந்தது. அந்த வீட்டு மருமகள் அவனைக் கதவுக்குப் பின்னால் இழுத்து நிறுத்தி, “அண்ணே, எங்க நாத்தனார் வீட்டை ஒரு தடவை பார்த்துச் சொல்றீங்களா? யார் காதுக்கும் போக வேணாம்” என்றாள், கண் பளபளக்க. அவனுக்குத் தாத்தாவின் கேலியே தேவலை என்று இருந்தது. ஏழில் கதவு சாத்தியிருந்தது. ஸ்டூல் வாசலுக்கு வந்திருந்தது. அதன்மேல் கேனை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கினான். டீ இல்லை.

பதினாலில் கேட்டைத் திறந்தது சார். சட்டை பெட்டி போடாமல் கசங்கியிருந்தது. கடைக்குப் போகவில்லை போலிருக்கிறது. மெயின் ரோட்டில் ஃபேன், மிக்ஸி விற்கும் கடை அவருடையது. அவன் கேனைத் தோளில் ஏற்றி நின்றான்.

“முதலாளி” என்றார். இன்றைக்கு அதில் கேலி இல்லை.

“சார், நான் வேணும்னு பண்ணலை சார். நம்பர் மாறிப் போச்சு. உங்க காலைப் பிடிச்சு...”

“இந்தப் பக்கம் வாங்க.” மோட்டார் ரூம் சந்துக்குள் அவனைத் தள்ளாத குறையாகத் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார். “அதுல இருந்தது நிஜம்தான். என் கடைக்காக வெச்சேன். திருப்பிடலாம்னுதான் வெச்சேன். கோர்ட் நோட்டீஸெல்லாம் கடை விலாசத்துக்கு வர்ற மாதிரி பார்த்துக்கிட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாமயே முடிச்சிருப்பேன்.”

கேன் தோளை அழுத்தியது. இறக்கி வைக்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

“அந்தப் பேர்ல வேற எவனோன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். நேத்திலேர்ந்து ஒரு பருக்கை இறங்கலை அவளுக்கு. நான் சொல்றதை நம்பலை. நீங்க சொன்னா நம்புவா. நம்பரை மட்டும் இல்லை, நகரையே மாத்தி அடிச்சிட்டேன், அது எங்கேயோ இருக்கிற வீடுன்னு சொல்லுங்க.”

“நர்சம்மா படிச்சாங்களே, சார்.”

“பதட்டத்துல சரியாப் பார்க்கலைன்னு சொல்லிக்கலாம். ஏற்கெனவே ஒரு தப்பு பண்ணின ஆளு நீங்க. இன்னொண்ணும் பண்ணிட்டேன்னா நம்ப மாட்டாங்களா?”

அது அவனைச் சுட்டது. நியாயமாகவும் இருந்தது. அவன் சொல்கிற பொய்க்கு இந்தத் தெருவில் இனி நல்ல மதிப்பு.

“அவ மனசு ஆறிட்டா நர்சம்மா மனசும் ஆறிடும். உங்களுக்கு வீடு வேணுமா வேணாமா?” சார் அவன் முகத்தைப் பார்க்காமல் கேனைப் பார்த்துச் சொன்னார். “ஒரு வாக்கியம். அவ்வளவுதான் நான் கேக்கிறது.”

வீடு வேண்டும். உள்ளங்கையை வைத்துப் பார்த்த சுவர்கள், பின்னால் இருக்கிற வெறும் மண், மழைக்குள் காலி பண்ண வேண்டிய மாடி, எல்லாம் ஒரு கணம் அவனுக்குள் வரிசையாக வந்து நின்றன. ஒரு வாக்கியம். அதைச் சொல்லிவிட்டால் அந்த அக்கா இன்றைக்குச் சாப்பிடுவாள். நர்சம்மாவிடம் போய்ச் சரி என்பாள்.

“ஏலம் எப்போ சார்?” என்று கேட்டான்.

சார் தொட்டியை அண்ணாந்து பார்த்தார். “அதுக்குள்ள பார்த்துக்கறேன்.”

“எப்போ சார்?”

“பார்த்துக்கறேன்னு சொல்றேன்ல?”

“யாரு, கேன் தம்பியா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஏன் சந்துல நிக்க வெச்சுப் பேசறீங்க? பாரம் தோள்ல இருக்குல்ல.”

அவள் வாசலுக்கு வந்தாள். கண்ணிமை தடித்திருந்தது, தலை மட்டும் படிய வாரியிருந்தது. வழக்கம்போல் சாக்கை எடுத்துப் படியில் விரித்து, காலால் ஓரத்தை நீவிவிட்டாள். அவன் அதன்மேல் கால் வைத்து ஏறி, சமையலறைக்குப் போய், கேனை ஸ்டூலில் இறக்கினான். அடுப்பு மூட்டியிருக்கவில்லை. பாத்திரங்கள் நேற்றுக் கவிழ்த்தபடியே இருந்தன. இறக்கிவிட்ட பிறகும் தோள் பாரமாகவே இருந்தது. திரும்பியபோது சார் கதவுநிலையில் சாய்ந்து நின்றார். அவர் கண் அவன் வாயின்மேல் இருந்தது.

“அக்கா, நேத்து நான்...” என்று ஆரம்பித்தான்.

“இருங்க தம்பி” என்றாள் அவள். “நேத்து நீங்க வாசிச்சதுல பாதி என் காதுல ஏறவே இல்லை. இவரு அது வேற யாரோங்கறாரு. இருக்கலாம். ராத்திரி பூரா யோசிச்சேன். நீங்க ஒண்ணு சொல்லி, இவரு ஒண்ணு சொல்லி, நான் எதைன்னு பிடிச்சுக்கிறது?” முந்தானையில் கையைத் துடைத்தாள். கை ஈரமாக இல்லை. துடைத்துக்கொண்டே இருந்தாள். “எழுத்துக் கூட்டினா எனக்கும் படிக்க வரும். மெதுவா வரும், அவ்வளவுதான். உங்களுக்கு ஒருநாள் வேலை கெடும், அது தெரியும். இருந்தாலும் கேக்கிறேன். அந்த ஆபீஸுக்கு என்னைக் கூட்டிட்டுப் போய், எப்படிப் பார்க்கிறதுன்னு காட்டிக் குடுப்பீங்களா?”